நெல் அவிக்கும் நீராவியில் மின்சாரமும் எடுக்கலாமா?

கேள்வி: அடி அண்ணாமலையில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக அரிசி ஆலை நடத்துகிறது. மணிக்கு 2 டன் நெல் ஓடும். புழுங்கலுக்கு உமி பாய்லர், பத்தரை கிலோ பிரஷர். கொஞ்சம் நிலமும் உண்டு. கரும்பு போட்டு சர்க்கரை ஆலைக்கு அனுப்புகிறோம். போன மாதம் ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பாய்லருக்கும் டிரையருக்கும் நடுவில் டர்பைன் வைத்தால் உமியில் 80 சதவீத சக்தி கைக்கு வரும், அனல் மின் நிலையத்திலேயே 35 சதவீதம்தான், இனி உங்களுக்கு இ.பி. பில்லே இருக்காது என்றார். ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. சர்க்கரை ஆலையில் இப்படித்தான் கரண்ட் எடுக்கிறார்கள் என்கிறார். ஆனால் அரவை நின்றால் அந்தக் கரண்டும் நின்றுவிடுகிறதே, ஏன்? எங்களுக்கும் வேலை சீராக ஓடாது. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள், நெல் லாரி வராது. கார்த்திகை தீபம் என்றால் இன்னும் கூடுதல் நாட்கள். அப்போதெல்லாம் டர்பைன் என்ன செய்யும்? போடலாமா, வேண்டாமா?

— அரிசி ஆலை உரிமையாளர், அடி அண்ணாமலை

பதில்: அன்புள்ள ஆலைக்காரருக்கு,

வந்தவர் சொன்ன 80 முழுப் பொய் இல்லை. ஆனால் அது மின்சாரத்தையும் சூட்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அதைவிட முக்கியமான ஒன்றை அவர் உங்களிடம் சொல்லவில்லை: உமியில் இருக்கும் சக்தியில் பெரும்பங்கை நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

மணிக்கு 2 டன் நெல் என்றால் உமி சுமார் 400 கிலோ. ஒரு கிலோ உமி எரிந்தால் ஏறக்குறைய 3,000 கிலோ கலோரி. உங்களுடையதைப் போன்ற சின்ன பாய்லர் அதில் நூற்றுக்கு எழுபதை நீராவியாக்கும். மீதி முப்பது புகைபோக்கியிலும் சாம்பலிலும் பாய்லரின் வெளிச்சுவரிலும் போய்விடும். அந்த எழுபதுதான் ஊறல் தொட்டிக்கும் அவியல் கலத்துக்கும் டிரையருக்கும் போகிறது. டர்பைன் வைத்த பிறகும் பாய்லர் அதே பாய்லர்தான். எழுபது எண்பதாக மாறாது. எழுபதுக்கு உள்ளேயிருந்து ஒரு சின்னப் பங்கு மின்சாரமாகப் பிரிந்து வரும், அவ்வளவே. உங்கள் பிரஷருக்கு அந்தப் பங்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை. அதாவது எல்லாம் சரியாக ஓடும் நேரத்தில் 40 முதல் 48 கிலோவாட். உங்கள் ஆலையின் மோட்டார்கள் அத்தனையையும் இது சுமக்காது. பில் குறையும்; பில்லே இருக்காது என்ற பேச்சை மறந்துவிடுங்கள்.

பிறகு எதற்கு இத்தனை பேர், இப்படிச் சூட்டையும் மின்சாரத்தையும் சேர்த்து எடுக்கும் இணை மின் உற்பத்தியைப் போற்றுகிறார்கள்? நம்முடையது ஏரிகளின் மாவட்டம், அதனால் ஏரியைக் கொண்டே சொல்கிறேன். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போய் இன்னொரு ஆயக்கட்டை நனைக்கிறது. ஒரே தண்ணீர், இறங்கும் வழியில் இரண்டு வேலை. சூடும் அப்படித்தான் இறங்கும். நெல்லை அவிக்க 100 டிகிரிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். உலர்த்தும் காற்றுக்கும் அதற்குப் பக்கத்தில்தான் சூடு வேண்டும். நெருப்போ 900, 1,000 டிகிரியில் எரிகிறது. நடுவில் இருக்கும் அந்த உயரத்தை நீங்கள் இப்போது வீணாகக் கடந்து வருகிறீர்கள். பத்தரை கிலோவில் வரும் ஆவியை ஒரு வால்வில் நெரித்து இரண்டு கிலோவுக்குக் கொண்டுவருகிறீர்கள் அல்லவா, அந்த வால்வு இருக்கும் இடத்தில்தான் மின்சாரம் ஒளிந்திருக்கிறது.

அனல் மின் நிலையத்துக்குக் கீழ் ஏரி கிடையாது. நெய்வேலிப் பக்கம் போனவர்கள் கூலிங் டவரின் மேல் வெள்ளையாக எழும்பும் ஆவியைப் பார்த்திருப்பார்கள். எரித்த நிலக்கரியின் சூட்டில் பாதிக்கு மேல் இப்படிக் குளிர்நீரிலும் காற்றிலும் கரைகிறது. அதனால்தான் அங்கே 35. ஒரு யூனிட்டுக்கு அங்கே ஏறக்குறைய 2,400 கிலோ கலோரி எரிபொருள் ஆகிறது. உங்கள் ஆலையில் அதே யூனிட்டுக்குக் கூடுதலாக எரிக்க வேண்டியது சுமார் 1,230 கிலோ கலோரிதான், அரைக் கிலோ உமிக்கும் குறைவு. மற்ற சூடு முழுவதும் நெல்லுக்குப் போய்விடுகிறதே! இந்த ஒரு எண்ணில்தான் இணை மின் உற்பத்தியின் நியாயம் முழுவதும் இருக்கிறது. 80 என்ற எண்ணில் இல்லை.

சூட்டையும் மின்சாரத்தையும் ஒரே தட்டில் வைத்துக் கூட்டக்கூடாது என்பதை அரசாங்கமும் அறியும். 1996 நவம்பரில் மத்திய மின் அமைச்சகம் இணை மின் உற்பத்திக்கு ஒரு அளவுகோல் வைத்தது. முதலில் மின்சாரம் எடுத்துவிட்டுப் பிறகு சூட்டைப் பயன்படுத்தும் நிலையம் என்றால், கிடைக்கும் மின்சாரத்தோடு, பயன்படும் சூட்டில் பாதியை மட்டும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை எரிபொருள் சக்தியில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். சூட்டுக்குப் பாதி மார்க்! கம்பெனிக்காரர் மறுபடி வந்தால் இந்தக் கணக்கின்படி உங்கள் ஆலைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். எழுபதில் மூன்றரை மின்சாரம், மீதியில் பாதி முப்பத்து மூன்று, மொத்தம் முப்பத்தேழு.

இனி சர்க்கரை ஆலைக்கு வருவோம். அதைப் பற்றி எழுத எனக்குக் கை துறுதுறுக்கும், என் வேலைக்காலம் முழுவதும் அங்கேதான் போனது.

செய்யாறு கூட்டுறவு ஆலை அளவுக்கு, நாளைக்கு 2,500 டன் அரைக்கும் ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். மணிக்கு நூறு டன்னுக்குச் சற்று மேல் கரும்பு. அதில் பத்தில் மூன்று பங்கு சக்கை, பாதி ஈரத்தோடு. மணிக்கு 31 டன் சக்கை கிட்டத்தட்ட 70 டன் ஆவி தரும். சாறு காய்ச்சவும் பாகு கட்டவும் 42 முதல் 47 டன் போதும். அந்தக் காலத்து ஆலைகளில் பாய்லர் பிரஷர் 21 கிலோ. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 12 கிலோ ஆவி டர்பைன் வழியே போக வேண்டும். ஆலை தன் தேவைக்கே திணறும். மிஞ்சிய சக்கையை எங்கே கொட்டுவது என்பதுதான் அன்றைக்குப் பெரிய தலைவலி. அதனால் சக்கையை மிச்சம் பிடிக்க யாருக்கும் ஆசை வரவில்லை. பாய்லர் மோசமாக எரித்தாலும் கேட்பாரில்லை.

பிரஷர் 45, 67, 87, 110 கிலோ என்று ஏறியபோதுதான் கதை மாறியது. 67 கிலோவில் 6 கிலோ ஆவிக்கு ஒரு யூனிட். 110 கிலோவில் ஏறக்குறைய 5 கிலோவுக்கு ஒரு யூனிட். அந்த ஆவியே டர்பைனை விட்டு வெளியே வந்து பழையபடி சாறு காய்ச்சுகிறது. அதே கரும்பு, அதே சக்கை. மின்சாரம் மட்டும் இரட்டிப்பு. தன் தேவையான மூன்று மெகாவாட் போக மீதியை ஆலை மின்கம்பிக்கு அனுப்பலாம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இணை மின் உற்பத்தியை வளர்ப்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் கடமைகளில் ஒன்றாக வைத்தது. தமிழ்நாட்டில் தனியார் ஆலைகள் முன்னே போக, 10 கூட்டுறவு ஆலைகளிலும் 2 பொதுத்துறை ஆலைகளிலுமாக 183 மெகாவாட்டுக்கு மின் வாரியத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள்.

அரவை நின்றால் கரண்ட் ஏன் நிற்கிறது என்று கேட்டீர்கள். டர்பைனில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பேக் பிரஷர் டர்பைன். வரும் ஆவி முழுவதையும் வேலை வாங்கிவிட்டு, ஒன்றரை, இரண்டு கிலோ பிரஷரில் அப்படியே சாறு காய்ச்சும் இடத்துக்குத் தள்ளிவிடும். சாறு காய்ச்சும் இடம் வேண்டாம் என்றால் ஆவிக்குப் போக இடமில்லை, டர்பைனும் சுற்றாது. அங்கே சூடுதான் எஜமான். மின்சாரம் அதன் பின்னால் வரும். இன்னொன்று, நடுவில் ஆவியை எடுத்துக்கொண்டு மீதியை, ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டன்சர்வரை ஓடவிடும் டர்பைன். ஆலைக்கு ஆவி தேவையில்லாத நாளிலும் இது சுற்றும். யூனிட்டுக்கு 4 கிலோ ஆவி போதும் என்பதால் பார்ப்பதற்கு இதுதான் சிக்கனம் போலத் தெரியும். ஆனால் அந்த 4 கிலோவின் மீதிச் சூடு முழுவதும் கூலிங் டவரில் போகிறது. முதல் ஜாதியின் 6 கிலோ ஆவியில் சர்க்கரையும் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அரவை இல்லாத மாதங்களில் கண்டன்சரை நம்பி ஓடும் ஆலை வெறும் சின்ன அனல் மின் நிலையமாகிவிடுகிறது, அதுவும் பெரிய நிலையத்தைவிட மோசமான ஒன்றாக. வேண்டும்போது ஓட்டலாம், வேண்டாதபோது நிறுத்தலாம் என்ற சௌகரியத்துக்கு எரிபொருளில்தான் விலை கொடுக்கிறோம். எப்போது அந்த விலையைக் கொடுப்பது, எப்போது மறுப்பது என்பதுதான் ஆலை நடத்தும் திறமை.

அரவை இல்லாத காலத்துக்கு எரிபொருள் எங்கிருந்து வரும்? சக்கையைச் சேமித்து வைக்கலாம்; ஆனால் இடம் அடைக்கும், தீப்பிடிக்கும் பயம் உண்டு. நிலக்கரி வாங்கலாம். மொரீஷியஸில், நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்க் கரும்பு வெட்டிய அந்தத் தீவில், ஒரே பாய்லரில் அரவைக் காலம் முழுவதும் சக்கை, மற்ற மாதங்களில் நிலக்கரி என்று ஆண்டு முழுவதும் ஓட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் பெல் வூ என்ற இடத்தில் 82 பார் பிரஷரில் 70 மெகாவாட்டுக்கு அப்படியொரு நிலையம் வந்தது. கரூர் மாவட்டத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் செய்தது இதற்கு நேர்மாறு, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. சக்கையை எரிக்காதே, எனக்குக் கொடு, காகிதம் செய்கிறேன். உனக்கு வேண்டிய ஆவிக்கு நிலக்கரி நான் தருகிறேன் என்று சர்க்கரை ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. எது எரிபொருள், எது மூலப்பொருள் என்பதை அன்றன்றைய விலை முடிவு செய்யட்டும் என்று விட்ட புத்திசாலித்தனம் அது.

நம் மாநிலத்துக்கு இயற்கையே தந்த ஒரு பொருத்தமும் உண்டு. காற்றாலைகள் மே மாதம் தொடங்கி செப்டம்பர், அக்டோபர்வரை சுழலும். சக்கை மின்சாரமோ பெரும்பாலும் தையிலிருந்து சித்திரைவரை, காற்று ஓய்ந்து கோடை ஏறும் நேரத்தில் வருகிறது. இதற்கு உரிய மதிப்பை நாம் தரவில்லை என்பது என் வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம் கரும்பே குறைந்துபோனது. 2011-12 பருவத்தில் தமிழ்நாட்டு ஆலைகள் 23 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்தன. அடுத்து வந்த வறட்சி ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போயிற்று. எவ்வளவு நல்ல டர்பைனாக இருந்தாலும் கரும்பு வராத ஆலையில் அது இரும்புதான்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு தை மாத இரவை மறக்க முடியாது. மழையில் யார்டு சேறாகி வண்டிகள் சிக்கிக்கொண்டன; மில்லுக்குக் கரும்பு நின்றது. பாய்லர் தட்டில் சக்கை கொழுந்துவிட்டு எரிகிறது, ஆவியை வாங்க ஆளில்லை. சேஃப்டி வால்வு திறந்து ஊருக்கே கேட்கும்படி ஊளையிட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கரும்பு வந்தது. பாகு கட்டும் பான்கள் நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். பிரஷர் தொப்பென்று விழுந்து டர்பைன் நின்றது, ஆலை முழுவதும் இருட்டு. முதலில் ஆவி அதிகம், பிறகு ஆவி பற்றவில்லை! மறுநாள் நாங்கள் எந்த இயந்திரமும் வாங்கவில்லை. பான்களை அரை மணி இடைவெளி விட்டுத் தொடங்குவது என்று ஒரு கரும்பலகையில் நேரம் எழுதினோம். அந்தப் பருவம் முடியும்வரை டர்பைன் அந்தக் காரணத்துக்காக மறுபடி நிற்கவில்லை.

உங்கள் ஆலைக்கும் அந்தக் கரும்பலகை பொருந்தும். நெல் அவிப்பது தொகுதி தொகுதியாக நடக்கிறது. அவியல் கலத்துக்கு ஆவி திறக்கும் பத்து நிமிடம் மேலே ஏறும், மூடினால் கீழே இறங்கும். டிரையர் மட்டும்தான் ஓரளவு சீராகக் குடிக்கும். ஆகவே டர்பைன் அளவை உச்சத் தேவைக்கு எடுக்காதீர்கள். எந்த நேரமும் குறையாமல் ஓடும் அடிமட்ட ஆவி எவ்வளவோ அதற்கு எடுங்கள். கம்பெனிக்காரர் 50 கிலோவாட் சொல்லியிருப்பார். உங்களுக்கு 30 போதும் என்பது என் கணிப்பு. பெரிய டர்பைன் பாதி ஆவியில் சுற்றும்போது கிலோவுக்குக் கிடைக்கும் யூனிட் இன்னும் குறையும். சின்னது நாள் முழுவதும் நிறைந்து ஓடும். உச்ச நேரத்தில் மிஞ்சும் ஆவி பழைய வால்வு வழியாகவே போகட்டும். அந்த வால்வைக் கழற்றவே கூடாது, டர்பைனுக்குப் பக்கத்தில் இணையாக இருக்கட்டும்.

பௌர்ணமி நாளுக்கு என் பதில், நிறுத்திவிடுங்கள். நெல் இல்லாதபோது கரண்டுக்காக மட்டும் உமி எரிக்கக் கூடாது. அந்த நாட்களுக்கென்று கண்டன்சர் வைத்த டர்பைனை யாராவது காட்டினால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். உங்கள் பிரஷரில் அப்படி ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு 12 கிலோ ஆவி, அதாவது மூன்றரைக் கிலோ உமி ஆகும். நெல்லோடு சேர்ந்து ஓடும்போது அரைக் கிலோ ஆகும் இடத்தில்! அதற்குக் குளிர்நீர் வேறு வேண்டும். நம் பக்கத்தில் அதற்கு எங்கே போவது?

சூட்டைச் சேமிக்கலாம். டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குக் குழாய் வழியாக வெந்நீர்ச் சூடு வருகிறது. அங்கே இணை மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் பெரிய வெந்நீர்த் தொட்டிகள் நிற்கும். காற்றாலை நிறையச் சுற்றும் நேரத்தில் நிலையத்தை நிறுத்திவிட்டுத் தொட்டியிலிருந்து சூட்டைக் கொடுப்பார்கள். உங்களிடமும் அந்தத் தொட்டி இருக்கிறது. நெல் ஊறும் தண்ணீருக்கு 60, 70 டிகிரி வேண்டும் அல்லவா? அவியல் கலம் மூடியிருக்கும் நேரத்து ஆவியை அடுத்த ஊறலுக்கான தண்ணீரில் இறக்குங்கள். ஏறியிறங்கும் கோடு தானாகச் சமமாகும். தொட்டிக்கு நல்ல மூடியும் சுற்றிலும் உறையும் போதும்.

டர்பைனுக்கு முன்னால் செய்ய வேண்டியவையும் உண்டு. டிரையரிலிருந்து திரும்பும் சூடான தண்ணீரை நீங்கள் வாய்க்காலில் விடுகிறீர்களா, பாய்லருக்குத் திருப்புகிறீர்களா? பாய்லருக்குள் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூடாகப் போனால் உமியில் ஒரு சதவீதம் மிச்சம். ஸ்டீம் ட்ராப்கள் ஆவியைக் கக்குகின்றனவா என்று இன்றே பாருங்கள். பாய்லர் எழுபதிலிருந்து எழுபத்தைந்துக்கு ஏறினால் மணிக்கு சுமார் 27 கிலோ உமி கையில் நிற்கும். உமி பாய்லர் ஆவி ஈரத்தோடு வரும்; ஈர ஆவி டர்பைன் இறக்கையைத் தின்றுவிடும். ஆகவே ஈரம் பிரிக்கும் கலமும், நம் போர்வெல்லின் கடின நீருக்குச் சுத்திகரிப்பும் இல்லாமல் டர்பைன் பேச்சே வேண்டாம். ஆவிக் குழாயை மாற்றுவதானால் கொதிகலன்கள் இயக்ககத்தின் அனுமதி வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று. சின்ன டர்பைனோடு பெரும்பாலும் வருவது இண்டக்ஷன் ஜெனரேட்டர். இ.பி. லைன் இருந்தால்தான் அது கரண்ட் தரும். கரண்ட் கட் ஆனால் அதுவும் நிற்கும். டீசல் ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள்.

முடிவாக, போடலாமா? ஆண்டுக்கு 4,000 மணிக்கு மேல் உங்கள் டிரையர் ஓடுகிறது என்றால் சின்ன பேக் பிரஷர் டர்பைனுக்கு நான் சம்மதம் சொல்வேன். அதற்குக் கீழே என்றால் வேண்டாம். அந்தப் பணத்தைப் பாய்லரில் போடுங்கள். 50 கிலோவாட்டும் கண்டன்சரும் எந்த நிலையிலும் வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், நடுவில் ஒரு பௌர்ணமி வரும்படி, அரை மணிக்கு ஒருமுறை பாய்லர் பிரஷரையும் அவியல், டிரையர் வால்வுகள் திறந்திருந்த நேரத்தையும், நாள்தோறும் எரித்த உமியையும் உங்கள் ஃபயர்மேன் எழுதட்டும். அந்த நோட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு கம்பெனிக்காரரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.